மேசை ஊரின் பாலம்

ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சௌகரியம். புது இடத்துத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். தண்ணீரைப் பரிசோதிக்கிற வேலைக்குப் போனவளுக்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஊரே சிரிக்கும் என்கிறார் அப்பா.

முதலில் அம்மாவின் கண். இரண்டிலும் புரை விழுந்திருக்கிறது. அவசரமில்லை, மார்ச்சில் ஆபரேஷன் செய்யலாம் என்றார் டாக்டர். அம்மாவோ, "என் பெரிய பொண்ணு பக்கத்துல இருந்தாத்தான் கண்ணைத் தருவேன். இல்லன்னா இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்று அவரிடமே சொல்லிவிட்டாள். அவள் பிடிவாதம் உனக்குத் தெரியும். அதனால் மார்ச்சில் நீ கட்டாயம் வந்தாக வேண்டும். உன் கடிதங்களை இப்போது நான்தான் அவளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். ஒரு வரி விட்டாலும், "எதையோ முழுங்கிட்டியே" என்று கண்டுபிடித்துவிடுகிறாள்.

இன்னொரு செய்தி. எங்களுக்குச் சமூக அறிவியலுக்குப் புது டீச்சர். வெள்ளிக்கிழமைகளில் பாடப்புத்தகத்தைத் திறக்கவே கூடாது என்கிறார். "பதில் சொல்றது பெரிசில்ல. அது உங்களுக்கு எப்படித் தெரியும்னு சொல்லுங்க, பார்ப்போம்" என்பார். வகுப்பின் பின்பக்கம் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அதன் மேல் நாங்களே ஓர் ஊர் கட்ட வேண்டும். வாரம் ஒரு பிரச்சினை தருவார். நாங்கள் விசாரித்து, வாதாடி, ஓட்டுப்போட்டு முடிவெடுக்க வேண்டும். முடிவெடுத்தபடி ஊரை மாற்ற வேண்டும்.

எப்படிப்பட்ட ஊர் கட்டலாம் என்று எல்லாரும் விழித்தபோது நான் கையைத் தூக்கினேன். உன் முதல் கடிதத்தில் எழுதியிருந்தாயே, அந்த ஊரையே சொன்னேன். வளைந்து போகும் ஆறு, அதன் மேல் ஒரே ஒரு பாலம், மேட்டில் தண்ணீர்த் தொட்டி, மேலத் தெரு, கீழத் தெரு. அப்பா அச்சகத்திலிருந்து அட்டைத் துண்டுகள் கொண்டுவந்து கொடுத்தார். நீ இருக்கும் வீட்டையும் செய்திருக்கிறேன். என் கட்டைவிரல் நகமளவு. கோபமில்லையே?

உன் அன்புத் தங்கை


ஜூலை 5

அன்புள்ள புத்தகப் புழுவுக்கு,

நான் நன்றாகவே இருக்கிறேன். அம்மா, அப்பா, நீ எல்லாரும் நலமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இங்கே ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். அம்மாவிடம் சொல்: மார்ச் மாதம் விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலதிகாரி, "இன்னும் மழையே வரல, அதுக்குள்ள மார்ச்சா?" என்றார்.

என் வேலை இதுதான். காலையில் ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிக் குப்பிகளைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாகப் போவேன். குழாய்க்குக் குழாய் தண்ணீர் பிடித்து, அதில் மருந்துச் சொட்டு விடுவேன். மஞ்சளானால் குளோரின் இருக்கிறது, குடிக்கலாம். நிறம் மாறாவிட்டால் தொட்டிக்கு ஓட வேண்டும். ஊரார் எனக்கு 'மஞ்சள் பொண்ணு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

உன் ஊரில் ஒரு பிழை. கீழத் தெருவிலிருந்து மேலத் தெருவுக்கு ஏறப் படிக்கட்டு இருக்கிறது. திரும்பித் திரும்பி ஏறும், முழங்கால் கழன்றுவிடும். அதைச் சேர்த்துக்கொள். உன் டீச்சரிடம் கேட்டு, தொட்டியடியில் ஒரு பெஞ்சும் போடு. ஊரில் உட்கார ஓர் இடமில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்காருகிறேன்.

அம்மா அப்பாவுக்கு என் வணக்கம்.

உன் அக்கா


ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம். அம்மாவுக்கு ஒளியைப் பார்த்தால் மட்டும் கண் கூசுகிறது.

படிக்கட்டு வைத்தாகிவிட்டது. தீக்குச்சிகளால் பெஞ்சும் செய்து தொட்டியடியில் ஒட்டினேன். நீல வண்ணம்தான் இருந்தது, அதையே பூசினேன்.

முதல் பிரச்சினை: தொட்டியில் தண்ணீர் குறைந்துவிட்டது, யாருக்கு எப்போது விடுவது? என் பக்கத்தில் ஒருத்தி உட்காருகிறாள். எதற்கெடுத்தாலும் குறுக்கே கேட்பதால் அவளை எல்லாரும் 'வக்கீல்' என்றே கூப்பிடுகிறோம். யாரோ, "மேலத் தெருவுக்கு முதல்ல விடலாம், தொட்டிக்குப் பக்கம்" என்றார்கள். அவள் எழுந்து, "பக்கத்துல இருக்கிறவங்களுக்குத்தான் முதல்லன்னா, நானும் டீச்சர் மேசைக்குப் பக்கத்துல உட்கார்ந்துக்கிறேன், எனக்கு முதல் மார்க் போட்டுருவீங்களா?" என்றாள். டீச்சரே சிரித்துவிட்டார். கடைசியில் கீழத் தெருவுக்குக் காலையில், மேலத் தெருவுக்கு மாலையில் என்று முடிவு செய்தோம். கீழத் தெருவில் வேலைக்குப் போகிறவர்கள் அதிகம் என்பது காரணம்.

எடுத்த முடிவை மாற்ற வேண்டுமானால் புதுச் சான்று வேண்டும், வகுப்பு முழுவதும் ஒத்துக்கொள்ள வேண்டும். இது டீச்சரின் சட்டம்.

உன் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
தங்கை


ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்காவுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. உடம்பு சரியில்லையா? அம்மா தினமும் வாசலில் தபால்காரரைக் குரலை வைத்தே கண்டுபிடித்து, "எங்களுக்கு இருக்கா?" என்கிறாள்.

என் மேல் கோபமாக இருந்தாலும் இதைக் கேட்டால் பெருமைப்படுவாய். இந்த வாரப் பிரச்சினை: ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் விஷக் காய்ச்சல். நம் மேசை ஊர் என்ன செய்ய வேண்டும்? மருந்து, மருத்துவமனை, துண்டறிக்கை என்று எல்லாரும் ஏதேதோ சொன்னார்கள். மணி அடிக்க நேரமாகிவிட்டது. நான் எழுந்து, பாலத்தை எடுத்துவிடலாம் என்றேன். யாரும் வர முடியாது, போக முடியாது. மருந்து, சாமான், கடிதம் மட்டும் ஆற்றின் மேல் ஒரு கயிற்றில் கூடை கட்டி அனுப்பலாம். கூடையைச் சேர்த்ததற்கு நீதான் காரணம். கடிதமில்லாமல் ஓர் ஊர் எப்படி இருக்கும்?

டீச்சர், "பிரச்சினையோட சேர்த்து அதனால வர்ற கஷ்டத்தையும் யோசிச்சிருக்கா" என்று பாராட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். வக்கீல் மட்டும் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள், மணி அடித்துவிட்டது. நானே பாலத்தைக் கழற்றி டீச்சரின் அலமாரியில் வைத்தேன். தையல் நூலில் ஒரு குட்டிக் கூடை தொங்குகிறது. அவ்வளவு அழகு!

உடனே எழுது அக்கா.

உன் தங்கை


ஆகஸ்ட் 29

அன்புள்ள புழுவுக்கு,

அம்மாவிடம் வாசித்துக் காட்டு: நான் சுகம். வேலை அதிகம், அதனால்தான் தாமதம். தண்ணீர் விடும் நேரத்தை மாற்றிவிட்டார்கள். கீழத் தெருவுக்குக் காலை, மேலத் தெருவுக்கு மாலை. இரண்டு வேளையும் குப்பிப் பெட்டியோடு நடக்கிறேன். நன்றாகப் பசிக்கிறது, நன்றாகத் தூங்குகிறேன். அடுத்த மாதம் ஒரு நடை வந்துபோகலாம் என்று நினைத்தேன். இப்போதைக்கு முடியாது போலிருக்கிறது. அம்மா கவலைப்பட வேண்டாம்.

இங்கே ஒரு கோடு போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே உள்ளதை உனக்குள் வாசித்துக்கொள்.

தொட்டியடியில் பெஞ்சு வந்திருக்கிறது. நீல நிறம். வண்ணம் காயாமல் இருந்தது தெரியாமல் உட்கார்ந்து, உடையெல்லாம் நீலமாகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் உன் ஜூலை மாதக் கடிதம் கிடக்கிறது. உடையை மாற்றாமலே அதை மூன்று தடவை வாசித்தேன்.

இந்தக் கடிதம் கூடையில் வருகிறது.

உன் அக்கா


செப்டம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். அம்மாவுக்குக் கோடு வரை வாசித்தேன். "அவ்வளவுதானா?" என்றாள். அவ்வளவுதான் என்றேன். முதல் தடவையாக அவள் கண்டுபிடிக்கவில்லை.

கூடை என்றால் எந்தக் கூடை? பாலத்தைப் போய்ப் பார்த்தாயா? தயவுசெய்து விவரமாக எழுது. "தெரிஞ்சதை வேற, நினைக்கிறதை வேற எழுதுங்க" என்று டீச்சர் சொல்வார். அதுபோல எழுது.

என்னால் தாங்க முடியாமல் வக்கீலிடம் மட்டும் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அடுத்தடுத்து நடந்தா ஒண்ணாலதான் இன்னொண்ணு நடந்துச்சுன்னு ஆயிடுமா? பெஞ்சை எவனோ போட்டிருப்பான். சோதனை பண்ணித்தான் பார்க்கணும்" என்றாள். அப்புறம் மேசையருகே போய், கீழத் தெருக் கோடியில் ஒரு வீட்டை இரண்டு விரலால் பிடித்தாள். "இதை எடுத்துடறேன். உங்க அக்கா என்ன எழுதறாங்கன்னு பார்ப்போம்."

அவள் கையில் ஓங்கி அடித்துவிட்டேன். இருவரும் பயந்துபோய் நின்றோம். அட்டை வீடுதான். ஆனால் அதன் ஜன்னலைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"சரி, எடுக்க வேணாம். ஒண்ணு சேர்க்கலாம். சேர்த்தா யாருக்கும் ஒண்ணும் ஆகாது" என்றாள். படிக்கட்டு திரும்பும் இடத்தில் ஒரு குண்டூசி குத்தி, அதன் தலையில் பாசிமணி கோத்து, விளக்குப் போல வைத்தோம். அது என்ன நிறம் என்று உனக்கு எழுத மாட்டேன். நீயே எழுது.

பயத்துடன்,
தங்கை


அக்டோபர் 15

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவுக்கு: நான் நலம். இங்கே வெயில் குறைந்து இதமாக இருக்கிறது. புதிதாகத் தெருவிளக்கு போட்டிருக்கிறார்கள், இருட்டில் விழுந்துவிடுவேன் என்ற பயம் இனி வேண்டாம்.

உனக்கு: சிவப்பு.

படியில் இறங்கி வருகிறவர்கள் முகமெல்லாம் சிவந்து, எல்லாரும் எதற்கோ வெட்கப்படுவது போலத் தெரிகிறார்கள். போதும், இனிச் சோதனை வேண்டாம். அந்தப் பெண்ணின் கையில் அடித்தது நல்ல காரியம்.

தெரிந்தது: பாலம் இல்லை. உடைந்த அடையாளமும் இல்லை. கரையில் தூண் நின்ற இடத்தில் காய்ந்த பசை போல ஒரு தழும்பு. நூல் போல ஒரு கயிறு ஆற்றைக் கடந்து போகிறது. எதிர்க்கரையில் முன்பு மரங்கள் இருந்தன. இப்போது பழுப்பாக, மங்கலாக ஏதோ தெரிகிறது. பகலில் சில சமயம் வானத்தில் பெரிய சத்தம் கேட்கிறது. இடி இல்லை. கனமான எதையோ தரையில் இழுக்கிற சத்தம். பிறகு நீளமாக ஒரு மணி ஓசை. யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நான் நினைப்பது: இவர்களுக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டார்கள். டீக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஏங்க, பாலம் எப்போ எடுத்தாங்க?"

"எந்தப் பாலம்மா?"

"ஆத்து மேல இருந்துச்சே. நான் பஸ்ஸுல வந்தது அது மேலதானே?"

"பஸ்ஸா?" என்று டம்ளரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "உங்க தண்ணி இன்னிக்கு மஞ்சளாச்சா? அதைப் பாருங்கம்மா."

மஞ்சளாகிறது. ஒவ்வொரு குழாயிலும் சரியாக மஞ்சளாகிறது. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.

பாலத்தைத் திரும்ப வைக்க முடியுமா என்று கேட்டுப் பார்.

உன் அக்கா


நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். ஆபரேஷன் மார்ச் 24 என்று தேதி குறித்தாகிவிட்டது. அம்மா உன் வெள்ளைத் தலையணை உறையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். கறை போகவில்லை, அவளுக்குத் தெரியவில்லை, நானும் சொல்லவில்லை.

வகுப்பில் சொல்லிவிட்டேன். பாலத்தைத் திரும்ப வைக்க வேண்டும் என்றேன். "புதுச் சான்று?" என்றார் டீச்சர். உன் கடிதங்களை எடுத்து, எனக்கென்று எழுதியதையெல்லாம் வாசித்தேன். பின்னாலிருந்து ஒருத்தன், "உங்க அக்கா நல்லா கதை விடுறாங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

டீச்சர் சிரிக்கவில்லை. மேசை ஊரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "இது நிஜமா, இல்லையான்னு நமக்குத் தெரியாது. தெரியாதப்போ ஒரு கேள்வி கேட்கலாம். ரெண்டு பக்கமும் தப்பு பண்ண வாய்ப்பிருக்கு. எந்தத் தப்பு பெரிய தப்பு?" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொருவராகச் சொன்னார்கள். கதையாக இருந்து பாலத்தை வைத்தால் கொஞ்சம் பசைதான் வீண். நிஜமாக இருந்து வைக்காமல் விட்டால் என்று தொடங்கியவர்கள் யாரும் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

அப்போதுதான் வக்கீல் எழுந்தாள். "நிஜமா இருந்து, பாலத்தை வச்சு, காய்ச்சல் உள்ள போயிட்டா? எடுக்கும்போதும் அவங்களைக் கேட்கல. வைக்கும்போதும் கேட்காம வைக்கப் போறோமா?"

அவள் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. ஆனால் அவள் சொன்னது சரி. ஆகவே வகுப்பின் சார்பில் கேட்கிறேன். அந்த ஊர் மக்கள் பாலம் வேண்டும் என்கிறார்களா, வேண்டாம் என்கிறார்களா? நீ குழாய்க்குக் குழாய் போகிறவள். கேட்டு எழுது. சீக்கிரம்.

உன் தங்கை


ஜனவரி 19

அன்புள்ள தங்கைக்கு,

உன் நவம்பர்க் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. கூடை நடுவில் சிக்கிக்கொண்டு நின்றதாம். டிசம்பர் முழுக்க ஊரில் சாமானே வரவில்லை. பரீட்சை, விடுமுறை என்று உங்கள் வகுப்பே நடந்திருக்காது.

எல்லாக் குழாயடியிலும் கேட்டேன். முதலில் எல்லாரும், "எந்தப் பாலம்?" என்றார்கள். நான் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நகராமல் நின்றேன். சொட்டு விட்டு நிறம் சொல்லாமல் யாரும் குடத்தைத் தூக்க மாட்டார்கள். அதனால் பேசியே ஆக வேண்டியிருந்தது.

மேலத் தெருத் தையல்காரி சொன்னாள்: "திறந்தா யாரெல்லாம் உள்ள வருவாங்களோ. இப்போ கதவைப் பூட்டாமத் தூங்கறேன்." முடிவெட்டுகிறவர், "எனக்கு ரெண்டுமே ஒண்ணுதான். முடி இங்கேயும் வளருது" என்றார். கீழத் தெருவில் ஒருத்தி இருக்கிறாள். அவளுடைய மகன் அக்கரையில் படிக்கிறான். தினமும் சாயங்காலம் செருப்பு மாட்டிக்கொண்டு, தலை வாரிக்கொண்டு ஆற்றங்கரை வரை வந்து திரும்பிப் போகிறாள். அவளிடம் கேட்டதும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். விடுவித்துக்கொள்ளக் கொஞ்ச நேரமானது.

பாதிப்பேர் வேண்டும் என்கிறார்கள், பாதிப்பேர் வேண்டாம் என்கிறார்கள். காய்ச்சல் யாருக்கும் இல்லை. வேண்டாம் என்றவர்கள்கூட, திறந்தால் போய்ப் பார்க்க வேண்டிய ஒருவரின் பெயரைச் சொன்னார்கள். இதையும் வகுப்பில் சொல்.

இந்த ஊரில் நானும் ஒருத்தி. என்னை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நான் வீட்டுக்கு வர வேண்டும். இதை அம்மாவுக்கு வாசித்தாலும் சரி.

உன் அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். நீயும் சுகமாக இரு, ஏனென்றால் நீ வரப்போகிறாய்!

உன் கடிதத்தை வகுப்பில் டீச்சரே வாசித்தார். செருப்பு மாட்டிக்கொண்டு வரும் அம்மாவைப் பற்றி வாசித்தபோது, கதை விடுகிறாள் என்று சொன்னவன் தலையைக் குனிந்துகொண்டான். நீண்ட நேரம் பேசினோம். பாலம் வைப்பது, ஆனால் வேண்டாம் என்பவர்களுக்காக அதன் வாயிலில் ஒரு கதவும், பக்கத்தில் காய்ச்சல் பார்க்க ஓர் அறையும் வைப்பது என்று வக்கீல்தான் வழி சொன்னாள். வகுப்பு முழுவதும் கையைத் தூக்கியது. பாலத்துக்குப் பசை தடவி அழுத்திப் பிடித்தவளும் அவள்தான். காயும் வரை விரலை எடுக்கவில்லை.

பரீட்சைக்காக வகுப்பறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஊரைப் பிரித்துவிட வேண்டியதுதான் என்று ஆபீசில் சொன்னார்கள். டீச்சர் போய்ச் சண்டை போட்டார். பள்ளி நூலகத்தில் ஒரு மூலை கிடைத்தது. நான்கு மூலையிலும் ஆள் பிடித்து, மூச்சுவிடாமல், இரண்டு மேசைகளையும் சேர்த்தே தூக்கிக்கொண்டு போனோம். நான் முன்னால் போய்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டேன். கூடைக் கயிற்றின் முடிச்சு அவிழவில்லை, அப்படியே விட்டுவிட்டோம். யாரும் இடித்துத் தள்ளிவிடாதபடி மேசையைச் சுவரோடு சுவராக ஒட்டிப் போட்டிருக்கிறோம். பாதுகாப்பாக இருக்கிறது. பரீட்சை முடிந்து, பள்ளிக்கும் விடுமுறை விட்டுவிடுவார்கள்.

ஊர் கொஞ்சம் ஆடியிருந்தால் எங்களை மன்னித்துவிடு. 24ஆம் தேதிக்கு முன்னால் வந்துவிடு அக்கா.

துள்ளிக் குதிக்கும்
தங்கை


மார்ச் 14

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா அப்பா நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் முழுவதும் உனக்கு மட்டும்.

ஒரு நாள் காலையில் ஊர் ஆடியது. பாத்திரங்கள் விழுந்தன, குப்பிகள் நிறைய உடைந்தன. யாருக்கும் அடி இல்லை. ஆடி அடங்கியபோது என் சமையலறைப் பக்கம் வெயில் விழுந்தது. அங்கே இதுவரை வெயில் வந்ததே இல்லை. தெருவில் எல்லாரும் துணிக்கொடியை அவிழ்த்து வீட்டின் மறுபக்கம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

பாலம் வந்திருந்தது. கதவும், அறையும், நீ எழுதியபடியே. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். செருப்பு மாட்டிய அந்த அம்மா எனக்கு முன்னாலேயே அங்கே நின்றாள். இருவரும் கைகோத்துக்கொண்டு நடந்தோம்.

பாலத்தின் அந்த முனையில் சுவர் இருக்கிறது.

இளம்பச்சைச் சுவர். இடது பக்கமும் முடிவு தெரியவில்லை, வலது பக்கமும் தெரியவில்லை, மேலே வானம் வரை போகிறது. தொட்டால் சில்லென்று இருக்கிறது. எங்கள் தலைக்கு மேலே பென்சிலால் யாரோ ஒரு கூட்டல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வோர் எண்ணும் எங்கள் தொட்டியை விட உயரம். அந்த அம்மா சுவரைத் தட்டினாள். கதவைத் தட்டுவது போல, மரியாதையாக, மூன்று தடவை. பிறகு திரும்பி நடந்தாள்.

கயிறு மட்டும் சுவரோரமாக எங்கோ மேலே போகிறது. அதில் இதை அனுப்புகிறேன். அம்மாவிடம், விடுப்பு கிடைக்கவில்லை, அதிகாரி கெடுபிடி என்று சொல்லிவிடு. ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம்.

நான் நன்றாகவே இருக்கிறேன்.

உன் அக்கா


மார்ச் 18

அக்கா,

நான் எழுதும் இந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஊர் முழுக்கச் சொல்லிவிடு.

உன் கடிதம் வந்ததும் பள்ளிக்கு ஓடினேன். விடுமுறை, பூட்டியிருந்தது. நூலகத்தின் ஜன்னல் வழியே பார்த்தேன். பச்சைச் சுவர். நாங்கள்தான் அவ்வளவு ஒட்டிப் போட்டோம், பாலமிருக்கும் பக்கத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி. நூலகக் கதவு குறுகலாக இருந்ததால் மேசையைத் திருப்பித்தான் கொண்டுபோக முடிந்தது. யாருக்கும் அது தோன்றவில்லை. பாலத்தின் முனையில், சுவரோரம், ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. தூசியாகவும் இருக்கலாம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தும் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். கடிதத்தை வாசித்துவிட்டு உடனே கிளம்பிவிட்டார். சாவிக்கு ஆபீசில் பேசியாகிவிட்டது. வக்கீலையும் கூப்பிட்டேன். "மேசையை உடனே சுவரிலிருந்து இழுத்துடலாம்" என்றேன். "சொல்லாம இழுக்கக் கூடாது" என்றாள். நேரமில்லை என்றேன். "நேரமில்லன்னுதானே பாலத்தை எடுத்தோம்?" என்றாள்.

ஆகவே உங்களுக்குச் சொல்லிவிட்டு இழுக்கிறோம். மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை காலை, கீழத் தெருவுக்குத் தண்ணீர் விட்டு முடிந்த பிறகு. பாலத்தில் யாரும் நிற்க வேண்டாம். படிக்கட்டில் நிற்க வேண்டாம். அடுப்பை அணைத்துவிடுங்கள். குப்பிகளைத் துணியில் சுற்றி வை. எல்லாரும் தரையில் உட்கார்ந்து எதையாவது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் எல்லாரும் வருகிறார்கள். மெதுவாக இழுப்போம் அக்கா, ஒரு விரற்கடை, ஒரு விரற்கடையாக.

உன் கடிதத்தை அம்மா தடவிப் பார்த்தாள். "இவ்வளவு எழுதியிருக்காளே, என்னவாம்?" என்று கேட்டாள். விடுப்பு கிடைக்கவில்லை என்று சொல்லச் சொன்னாய். என்னால் முடியவில்லை.

"கிளம்பிட்டாம்மா," என்றேன். "வழியில இருக்கா."

உன் தங்கை